அப்ளிகேஷனை மறைக்காதீர்கள்



கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து இங்கே நீளமாக எதுவும் எழுதவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாக நடக்கிற கூத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அங்கேயே எழுதினால் நடுவில் நாலு பேர் காலை வணக்கம் பூ அனுப்பி மேலே தள்ளிவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் தங்கை பேத்தி காரைக்காலில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். கணக்கும் எடுத்திருக்கிறாள், உயிரியலும் எடுத்திருக்கிறாள். பூனா பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதுதான் என்.டி.ஏ.வுக்கு, அப்ளை பண்ணலாமா என்று குரூப்பில் கேட்டாள். யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிற தேர்வு. இந்தத் தடவைக்கு டிசம்பர் கடைசிக்குள் அப்ளிகேஷன் போட வேண்டும். ஏப்ரலில் பரீட்சை.

முப்பத்தொரு பெரியவர்கள் பதில் சொன்னீர்கள். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், விடைத்தாளில் நான் அடிக்கடி சிவப்பு மையில் எழுதுவது: "கேள்வியை ஒழுங்காகப் படி." அதையேதான் உங்களுக்கும் எழுதுகிறேன். அவள் கேட்டது "அப்ளை பண்ணலாமா?" நீங்கள் எல்லாரும் பதில் சொன்னது "சேரலாமா?" என்ற கேள்விக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். அப்புறம் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகம். அப்புறம் மெடிக்கல். அப்புறம் தரவரிசை. இந்தத் தேர்வில் ஜெயிக்கிறவர்கள் அகாடமிக்குள் போவது 2027 ஜனவரியில். நாடு முழுக்க லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள், இடம் ஒரு தடவைக்குச் சுமார் 400. பெண்களுக்கு அதில் மிகக் கொஞ்சம். இலையே போடவில்லை, பாயசத்தில் இனிப்பு அதிகமா கம்மியா என்று சண்டை போடுகிறீர்கள்.

இருந்தாலும் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். நான் வாத்தியார். விடைத்தாளைத் திருத்தாமல் விட மாட்டேன்.

முதல் பதில்: "வேறு வழியில்லாதவன் போகிற இடம் பட்டாளம். நம்ம வீட்டிலே யாரும் போனதில்லை."

பொய். என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சைகோனில் இருந்தவர். அவருடைய பென்ஷனில் கட்டிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துதான் உங்களில் பாதிப் பேர் பல்லாங்குழி ஆடினீர்கள். 1954 நவம்பர் 1இல் ஊர் கைமாறிற்று, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கப்புறமும் பிரான்சுக் கொடியின் கீழ் வேலை பார்த்தவர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஜூலை 14 வந்தால் கிழவர்கள் மெடலைக் குத்திக்கொண்டு நடப்பதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்தவர்கள்தானே நாம்? "பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை" என்றால் ஜாதகம்கூடப் பார்க்காமல் பெண் கொடுக்க வரிசையில் நின்றோமே, அந்த மாப்பிள்ளைகளின் அப்பனும் தாத்தனும் எங்கே வேலை பார்த்தார்கள்? பட்டாளத்தில்தான். யூரோவில் பென்ஷன் வந்தால் கௌரவம், நம் பிள்ளை நம் நாட்டில் அதிகாரியாகப் போகிறேன் என்றால் "வேறு வழி இல்லையா" என்று கேள்வியா?

இதோடு ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இரண்டு மூன்று பேர் "நாலு வருஷம் கழித்து வெளியே தள்ளிவிடுவார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அது 2022இல் வந்த அக்னிபத் திட்டம். சிப்பாய், மாலுமி, விமானப்படை வீரர் வேலைக்கானது. நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிலைப்பார்கள். அதைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு, இன்னொரு நாள் எழுதுகிறேன். என்.டி.ஏ. அதிகாரிகளுக்கான படிப்பு. மூன்று வருஷம் அங்கே, பட்டம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடையது. அதன் பிறகு தரைப்படை என்றால் டேராடூன், கடற்படை என்றால் எழிமலை, விமானப்படை என்றால் துண்டிகல் என்று பயிற்சி தொடரும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பிள்ளையைக் குழப்பாதீர்கள்.

இரண்டாவது பதில்: "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு? யார் கட்டிக்குவான்?"

இதை எழுதியது யார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெண்கள் இந்தத் தேர்வை எழுதவே முடிந்தது. 2022இல் முதல் பெண்கள் அணி உள்ளே போயிற்று. அதில் 17 பேர் 2025 மே 30ஆம் தேதி பையன்களோடு சேர்ந்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். நம் சென்னைப் பரங்கிமலையிலேயே 1992 முதல் பெண்கள் அதிகாரிப் பயிற்சி எடுக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களில் கல்யாணம் ஆனவர்கள் இல்லையா, பிள்ளை பெற்றவர்கள் இல்லையா? குறையும் உண்டு. காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் பெண்களுக்குத் திறக்கவில்லை. அதைக் குறை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நான் பணி செய்த காலத்தில் "யார் கட்டிக்குவான்" என்ற ஒரே கேள்வியால் பத்தாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே என்னால் இன்றும் சொல்ல முடியும். அந்தக் கேள்வி போதும். ஓய்வு கொடுங்கள்.

மூன்றாவது பதில் அவள் அம்மா எழுதியது. ஒரே வரி. "ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அம்மா, இதற்கு நான் வாதாட மாட்டேன். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25இல் ஷோபியானில் இறந்தபோது அவருக்கு 31 வயது. 'அமரன்' படம் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அந்த வீட்டில் கைதட்டல் இல்லை. 1999இல் கார்கிலில் போன மேஜர் சரவணன் நம் திருச்சிப் பிள்ளை. இந்த வேலையில் சாவு உண்டு என்பதை மறைத்துச் சொல்கிறவன் பொய்யன். ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் ஊர்க் கடற்கரையில் எத்தனை தாய்மார்கள் தினமும் இதே பயத்தோடு பிள்ளையைப் படகில் ஏற்றி அனுப்புகிறார்கள்? 2025 ஜனவரியில் காரைக்கால் மீனவர்கள் 13 பேர் போன படகை இலங்கைக் கடற்படை சுட்டு, இரண்டு பேர் பலத்த காயத்தோடு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்களே, அவர்கள் மீன் பிடிக்கப் போனவர்கள். பயம் நியாயம். அந்தப் பயத்தை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னால் பிள்ளை கேட்டுக்கொள்ளும். அதை மறைத்து "உனக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று சொன்னால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும்.

நாலாவது பதில்தான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. என் பழைய மாணவன், சென்னையில் வக்கீல், குரூப்பில் இல்லை, விஷயம் கேள்விப்பட்டுத் தனியாகப் போன் செய்தான். "சார், 1987இல் அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் என்ன செய்தது என்று நீங்கள்தானே எங்களுக்கு வகுப்பில் சொன்னீர்கள்? தீபாவளி அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டார்கள் என்று கரும்பலகைக்குத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தீர்களே. இப்போது நீங்களே அந்த யூனிஃபார்முக்கு ஆள் அனுப்புகிறீர்களா?"

நான் மறக்கவில்லை தம்பி. 2022 அக்டோபரில் காரைக்காலிலிருந்து போன படகை நம் இந்தியக் கடற்படைக் கப்பலே சுட்டு ஒருவர் குண்டடிபட்டதையும் மறக்கவில்லை. நிற்கச் சொல்லியும் படகு நிற்கவில்லை என்றார்கள் அவர்கள். யூனிஃபார்ம் போட்டால் அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும், அனுப்புகிறது டெல்லி. உள்ளே போன பிறகு "இந்தப் போர் எனக்குப் பிடிக்கவில்லை" என்று ராஜினாமா கடிதம் நீட்ட முடியாது. அமைதிப்படைக் காலத்துக்கான ஒரே பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பரங்கிமலையில் பயிற்சி எடுத்தவர். அந்தப் போரிலேயே செத்தார். யாருக்காக, எதற்காக என்று கேட்டால் இன்றும் நமக்குள் ஒரே பதில் கிடையாது. இந்தச் சுமையெல்லாம் சேர்த்துத்தான் அந்த யூனிஃபார்ம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கேள்வியை அவளிடமே கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தையும் அவளுக்குச் சொல்ல வேண்டும், 2004 சுனாமியில் நம் கரையோரம் பிணக்காடாய்க் கிடந்தபோது படைகளும் வந்து கைகொடுத்ததையும் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்டுவிட்டு "வேண்டாம்" என்று அவள் சொன்னால் அது மனசாட்சி. ஒன்றையும் சொல்லாமல் நாம் அப்ளிகேஷனைப் பிடுங்கி வைத்தால் அதற்கு மனசாட்சி என்று பெயர் கிடையாது. நம் கடல் தெரிந்தவர்கள், நம் பாஷை பேசுகிறவர்கள் அந்தக் கப்பலின் மேல்தளத்தில் கட்டளை கொடுக்கிற இடத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருவரும் அங்கே இல்லாமல் இருந்தால் நிச்சயம் சரியாகாது.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருகிறேன். தேசியக் கொடியும் சிங்கமும் அனுப்பி "போ மகளே, நாட்டுக்காகப் போ" என்று எழுதிய அத்தான்களே, மச்சான்களே! உங்கள் பையன்கள் எங்கே? ஒருவன் கனடாவில், ஒருவன் சிங்கப்பூரில். அவர்கள் பிளஸ் டூ படித்தபோது இந்தச் சிங்கம் எந்தக் குகையில் இருந்தது? அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரை எடுத்து தேசபக்தி காட்டுவது சுலபம்.

அவளிடம் நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சேரும்போது பெற்றோர் ஒரு பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை தன் விருப்பத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்த பாண்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இன்னொன்று. பயிற்சியில் அடிபட்டு ஊனமாகி அனுப்பப்பட்ட கேடட்டுகள் 1985 முதல் சுமார் 500 பேர் என்று செய்தி வந்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அதிகாரியாவதற்கு முன்பே அடிபட்டதால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடைக்கவில்லை. நாட்டுக்காகப் போன பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்காக எத்தனை சிங்கம் அனுப்பினீர்கள்?

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மத்தியக் காவல் படைகளில் கான்ஸ்டபிள் வேலைக்கான தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். நல்லது. என்.டி.ஏ. கேள்வித்தாள் இன்றைக்கும் இங்கிலீஷும் இந்தியும்தான். கணக்கு 300 மார்க், பொது அறிவுத் தாள் 600 மார்க், அந்த 600இல் 200 இங்கிலீஷுக்கே. ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வைத் தமிழில் எழுத விடுகிற அதே யு.பி.எஸ்.சி. இதை ஏன் விடவில்லை? காவலுக்கு நிற்கிறவனுக்குத் தமிழ் போதும், கட்டளையிடுகிறவனுக்குக் கூடாதா? பிரெஞ்சுக்காரன் காலத்தில் என் பெரியப்பாவைச் சொல்தாவாக எடுத்துக்கொண்டவர்கள் கட்டளையைப் பிரெஞ்சில்தான் கொடுத்தார்கள். எழுபது வருஷம் கழித்துப் பாஷை மாறியிருக்கிறது, வழக்கம் மாறவில்லை. நம் பிள்ளைகள் தைரியம் இல்லாததால் போகவில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். யோக்கியதை இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

1991 என்று நினைவு. மீனவக் கிராமத்துப் பையன் ஒருவன் என்னிடம் பிளஸ் டூ கணக்குப் படித்தான். நான் பாடம் நடத்திய அத்தனை வருஷத்தில் அவனைப் போல ஐந்து பேர்கூட இல்லை. அப்பா கடலில் போய்விட்டார், அம்மா கூடை சுமந்து மீன் விற்கிறவர். ஒருநாள் என்.டி.ஏ. விண்ணப்பத்தைச் சுத்தமாகப் பூர்த்தி செய்து, பள்ளியில் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தான். நான் அதை மேஜை டிராயரில் வைத்தேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அவன் அம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கடைசித் தேதி போயிற்று. அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. கல்லூரிக்குப் போக வசதியில்லை. துபாய் போனான். கிரேன் ஓட்டினான். அம்மாவைக் கடைசிவரை நன்றாக வைத்துக்கொண்டான். தங்கையைக் கட்டிக்கொடுத்தான். யாரும் அவன் வாழ்க்கை வீணாயிற்று என்று சொல்ல முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் அம்மையார் கோயில் வாசலில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. காலைத் தொட வந்தான். எனக்குத் தாங்கவில்லை. டிராயர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார்" என்றான். "சாக்பீஸ் எடுக்கச் சொல்லி அனுப்பினீங்களே, அப்ப டிராயர்லே பார்த்தேன்."

கடைசித் தேதிக்கு முன்பா பின்பா என்று கேட்டேன்.

"முன்னாடிதான் சார். நீங்க வச்சிருந்தா ஏதோ காரணம் இருக்கும்னு எடுக்கலை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். "இடம் கிடைச்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பேனா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை சார். அது மட்டும் அப்பப்ப வரும்."

இதை எழுத அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ராமேஸ்வரத்துக் கலாம் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் வரை போனார். இடம் எட்டு, அவர் ஒன்பதாவதாக வந்தார். தோற்றார், அழுதார், வேறு வழி போனார். அவருக்குத் தன் ரேங்க் தெரியும். என் மாணவனுக்கு அதைக்கூட நான் தரவில்லை. தோற்கிற உரிமையைக்கூடப் பிடுங்கிக்கொண்டேன். நீங்கள் மூன்று நாளாக அந்தப் பிள்ளைக்குச் செய்வது அதேதான். டிராயருக்குப் பதிலாக வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்கிறேன். அப்ளை பண்ணுவது அவள் உரிமை. பெண்களுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஏப்ரலில் எழுதட்டும். நீட் தேர்வு அதற்குப் பிறகுதான் வரும், கோச்சிங்குக்குக் கட்டிய பணம் எங்கும் ஓடிவிடாது. எஸ்.எஸ்.பி.யில் முதல் நாளே திருப்பி அனுப்பினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரட்டும், அதில் அவமானம் இல்லை. ஒவ்வொரு படியிலும் "போதும்" என்று சொல்லி அவள் நின்றுகொள்ளலாம். டிகிரி முடித்துவிட்டுப் பரங்கிமலை வழியாகப் போகவும் கதவு திறந்தே இருக்கிறது, இதோடு உலகம் முடிந்துவிடாது. எல்லாப் படியும் தாண்டி அந்த பாண்டு மேஜைக்கு வந்தால், அன்றைக்கு அவள் அம்மாவும் அப்பாவும் அவளும் உட்கார்ந்து பேசுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். அன்றைக்கு அவள் "வேண்டாம்" என்றால் முதல் கைதட்டல் என்னுடையது. "போகிறேன்" என்றால் அவள் அம்மாவோடு சேர்ந்து நானும் அழுவேன், தடுக்க மாட்டேன்.

மாப்பிள்ளை, நீங்கள் மூன்று நாளாக என் போனை எடுக்கவில்லை. பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு நானே வருகிறேன். அவளுடைய போட்டோ, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் அவளே பூர்த்தி செய்யட்டும். சரிபார்ப்பதற்கு மட்டும் நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

பட்டாளத்தில் இருக்கிற, இருந்து வந்த என் மாணவர்கள் இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். நல்லதும் எழுதுங்கள், கெட்டதும் எழுதுங்கள். அவள் எல்லாவற்றையும் படிப்பாள். சிங்கப் படம் போடுகிறவர்களின் கமெண்டை மட்டும் நீக்கிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்,
கோட்டுச்சேரி, காரைக்கால்.